கியர் வண்டியா, ஸ்கூட்டரா? வாங்குமுன் சிந்திப்போம்

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பத்திற்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. இருப்பிடம் ஓரிடம், வயல் வேறிடம் என்றிருக்கும்போது, விதைநெல் கொண்டுசெல்லவும், மரக்கறியைச் சந்தைக்கு எடுக்கவும், பிள்ளையைப் பாடசாலையில் விடவும் அதுவே கைகொடுக்கிறது. நகையை அடகுவைத்தோ லீசிங் எடுத்தோ வாங்கும் வண்டி பொருத்தமற்றதாயின், தவணைப் பணத்தோடு திருத்தச் செலவும் சேர்ந்துவிடும். தவணை தவறினால் வண்டியும் கைவிட்டுப் போகலாம். எனவே வீட்டார் யாவரும் கூடியிருந்து தீர்மானிப்பது நன்று.

வேறுபாடு என்ன?

கியர் வண்டியில் இடது கையால் கிளச்சைப் பிடித்து, இடது காலால் கியரை மாற்றுகிறோம். ஸ்கூட்டரில் இவ்வேலையை ஒரு பெல்ட்டும் இரு கப்பிகளும் தாமாகவே செய்கின்றன. இரண்டிற்கும் இடைப்பட்ட வகையும் உண்டு. 1958 இல் ஹொண்டா வெளியிட்ட 'சுப்பர் கப்' வண்டியில் கியரைக் காலால் மாற்ற வேண்டும். கிளச் பிடி இல்லை. ஜப்பானியத் தபாற் சேவைக்கெனச் செய்யப்பட்ட எம்.டி. 90 உம் இவ்வினமே. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சிறிது பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள்.

வயற் பாதையில்

மணலிலும் சேற்றிலும் பாரத்தோடு மெதுவாக ஊர்ந்து செல்ல முதலாம் கியர் உதவும். ஸ்கூட்டரை அவ்வாறு நெடுநேரம் ஓட்டினால் கிளச்சும் பெல்ட்டும் சூடேறித் தேயும். அதன் சில்லுகள் சிறியவையாதலால் குழிகளில் அதிகம் குலுங்கும். குளக்கட்டு இறக்கத்தில் கியரைக் குறைத்தால் எஞ்சினே வண்டியைத் தடுத்துப் பிடிக்கும். ஸ்கூட்டரில் பெரும்பாலும் பிறேக்கையே நம்ப வேண்டும். பற்றரி இறங்கினால் கியர் வண்டியைத் தள்ளியும் இயக்கலாம். ஸ்கூட்டரைத் தள்ளி இயக்க முடியாது. காலால் உதைக்கும் வசதி அதிலுண்டா எனப் பார்த்து வாங்குங்கள்.

சிறிய எஞ்சின் கொண்ட கியர் வண்டிகள் பொதுவாகக் குறைந்த பெற்றோலில் கூடிய தூரம் ஓடும். 2022 இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றரென்று பங்கிட்டபோது இதன் பெறுமதியை உணர்ந்தோம்.

ஸ்கூட்டரின் நன்மை

தார் றோட்டில் சந்தைக்கும் பாடசாலைக்கும் செல்வோருக்கு ஸ்கூட்டர் இலகுவானது. சேலை உடுத்த தாய்மாரும், காலில் பலவீனம் உள்ளோரும் விரைவில் பழகிக்கொள்வர். முன்தட்டில் ஒரு பை உரமும் வைக்கலாம். குடும்பப் பொறுப்பைத் தனியே சுமக்கும் பெண்ணுக்கு, இன்னொருவரின் உதவியை எதிர்பாராது சென்றுவரக் கிடைக்கும் சுதந்திரம் சிறியதல்ல.

ஆயினும் இரு விடயங்களில் கவனம் தேவை. கியர் வண்டியில் கிளச் இருக்கும் இடத்தில் ஸ்கூட்டரில் பின் பிறேக் இருக்கிறது. பழக்கதோஷத்தில் அதைச் சடுதியாக அமுக்கினால் சறுக்கி விழலாம். மேலும், எஞ்சின் ஓடும்போது முன்னால் நிற்கும் குழந்தை கைபிடியை முறுக்கினால் ஸ்கூட்டர் பாய்ந்துவிடும். நிறுத்தியதும் திறப்பை எடுத்துவிடுங்கள்.

வாங்குமுன்

அதிகம் ஓட்டப்போவது யார்? நாளாந்தம் செல்லும் பாதை எத்தகையது? அருகிலுள்ள கராச்சில் அவ்வண்டியைத் திருத்துவார்களா? பழைய ஸ்கூட்டராயின் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது? இவற்றுக்கு விடை கண்டபின் காசைக் கொடுங்கள். அயலவர் வாங்கினார் என்பதற்காக நாமும் வாங்க வேண்டியதில்லை. நமது பாதையும் நமது பாரமுமே அதைத் தீர்மானிக்க வேண்டும்.