பெயரில் நூறாண்டு, பக்குவத்தில் சில வாரங்கள்

சீன உணவகங்களின் பட்டியலில் 'நூற்றாண்டு முட்டை' என்னும் பெயரைக் காண்போர் திகைப்பது இயல்பு. 'ஆயிரமாண்டு முட்டை' என்றும் இதனை ஆங்கிலத்தில் அழைப்பர். உண்மையில் இதன் முதிர்வுக் காலம் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரையே.

இதன் தோற்றம் குறித்துச் சீனாவின் ஹூனான் மாகாணத்தில் ஒரு கதை வழங்குகிறது. மிங் அரச மரபினர் காலத்தில், வீடு கட்டுவதற்காகச் சுண்ணாம்பு நீற்றிய குழியில் வாத்து முட்டைகள் கிடப்பதை ஒருவர் கண்டார். சுவைத்துப் பார்த்தபின், உப்பும் சேர்த்து அம்முறையைத் தொடர்ந்தார் என்பர்.

மரபு முறையில் சுட்ட சுண்ணாம்பு, மரச் சாம்பல், உப்பு, களிமண் ஆகியவற்றைத் தேயிலை வடிநீரில் குழைத்து முட்டை ஓட்டின்மேல் பூசுவர். ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க உமியில் புரட்டிச் சாடிகளில் அடுக்குவர். கலவையின் காரத்தன்மை ஓட்டின் நுண்துளைகள் வழியே உட்புகும். அடுப்பில் ஏற்றாமலேயே வெண்கரு பழுப்பு நிறக் கூழாகக் கெட்டிப்படும். மஞ்சள்கரு கரும்பச்சையாகிக் குழையும். அம்மோனியா நெடியும் எழும்.

சீனர் இதற்கு வயதைக் கூட்டிப் பெயரிடவில்லை. அவர்கள் வழங்கும் 'பிடான்' என்பதற்குத் 'தோல் முட்டை' என்று பொருள். வெண்கருவின்மேல் சில வேளைகளில் படியும் படிகக் கோலம் பைன் மரக்கிளையை ஒத்திருப்பதால், 'சோங்ஹுவா டான்', அதாவது 'பைன் பூ முட்டை' என்றும் அழகுறச் சொல்வர். தாய்லாந்தினரோ நெடியைக் கருதிக் 'குதிரைச் சிறுநீர் முட்டை' என்றனர். தயாரிப்பில் அதற்கு இடமே இல்லை.

ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் இதனை நறுக்கி அரிசிக் கஞ்சியில் இட்டு உண்பர். அக்கஞ்சியை ஆங்கிலத்தில் 'கான்ஜி' என்பர். அச்சொல் நம் தமிழ்க் 'கஞ்சி'யிலிருந்து சென்றதே.

அஞ்ச வேண்டியது பெயருக்கன்று. பக்குவத்தைச் சீராக்க ஈய ஆக்ஸைடு சேர்க்கும் வழக்கம் முன்பு இருந்தது. ஈயம் நஞ்சு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே துத்தநாகச் சேர்மங்கள் அதன் இடத்தைப் பிடித்தன. 2013-இல் சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில், தொழிலகப் பயன்பாட்டுக்குரிய தாமிர சல்பேட்டைச் சில ஆலைகள் கலந்தது வெளிப்பட்டது. பல ஆலைகள் மூடப்பட்டன.

வெளிநாட்டுப் பயணத்தில் இம்முட்டையை வாங்குவோர், உறையில் 'ஈயம் அற்றது' என்ற குறிப்பு, தயாரிப்பாளர் பெயர், காலாவதித் தேதி ஆகியவற்றைப் பார்த்து வாங்குதல் நலம். பெரிய எழுத்துப் பெயரைக் கடந்து சிறிய எழுத்துகளையும் படிக்கும் பழக்கம், வைப்புநிதிப் படிவத்துக்கு மட்டுமன்று, உணவுப் பொட்டலத்துக்கும் உரியதே.