நிமிர்த்தினால்தான் தெரியும் தாமரை

பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் வெட்டி மிஞ்சிய அக்ரிலிக் ஷீட் துண்டுகள் சுவரோரம் சாத்திக் கிடக்கும். 3 மி.மீ. கனத்தில் ஓரடிச் சதுரத் துண்டு ஒன்று கிடைத்தால் போதும், அழகான கிண்ணம் செய்துவிடலாம். வாங்கும்போது ‘காஸ்ட்’ ஷீட்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வார்த்து எடுத்த இந்த ரகத்துக்கு ஓர் அபூர்வ குணம் உண்டு. வளைத்து ஆறவைத்ததை அச்சு இல்லாமல் மறுபடி சூடாக்கினால், பழையபடி தட்டையான பலகையாகத் திரும்பிவிடும்.

அக்ரிலிக் என்பது நீண்ட மூலக்கூறு இழைகளின் பின்னல். ஏறத்தாழ 105 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்த இழைகள் நெகிழ்ந்து ரப்பர் போல இழுபடும். ஆறும்போது இழுபட்ட நிலையிலேயே உறைந்துவிடும். மறுபடி சூடு பட்டால் பழைய இடத்துக்கு ஓடும். கோணலாகிப்போன கிண்ணத்தைத் தூக்கியெறிய வேண்டாம் என்பதற்காகவே எனக்கு இந்தப் பொருள்மீது பிரியம்.

என் முதல் கிண்ணம் ஐப்பசி மழையில் பாழானது. ஷீட் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவைத்திருந்ததால் ஓவனில் வைத்ததும் உள்ளே குமிழி குமிழியாகக் கிளம்பியது. அப்புறம்தான் தெரிந்தது, முதலில் 80 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் உலரவிட வேண்டும் என்று. மேலே ஒட்டியிருக்கும் பாதுகாப்பு ஃபிலிமையும் மறக்காமல் உரித்துவிட வேண்டும்.

பிறகு 160 டிகிரி. சமையலுக்குப் பயன்படுத்தாத ஓவனாக இருக்கட்டும்; ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். அடுப்புத் தீயில் காட்டவே கூடாது, அக்ரிலிக் நன்றாகப் பற்றி எரியும். ஷீட் ஈரத்துணி போலத் தொய்ந்ததும் பருத்திக் கையுறையோடு எடுத்து, கவிழ்த்து வைத்த டம்ளரின்மேல் நடுவாகப் போடுங்கள். டம்ளருக்கு முன்பே ஃபிளானல் துணி சுற்றியிருக்க வேண்டும். வெறும் உலோகம் தழும்பு பதிக்கும். நான்கு முனைகளும் கைக்குட்டை போல மடிந்து விழும். கை வைத்துத் திருத்த ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. முரானோ தீவில் ஃபுல்வியோ பியாங்கோனியும் பாவ்லோ வெனினியும் 1940களின் இறுதியில் கண்ணாடியில் வடித்த ‘ஃபட்சொலெட்டோ’ பூச்சாடி இதே கைக்குட்டை வடிவம்தான். அதற்கு உலைக்களம் வேண்டும்; இதற்கு வீட்டு மேஜை போதும்.

தானாகவே ஆறட்டும். தண்ணீர் ஊற்றி அவசரப்படுத்தினால் உள்ளுக்குள் இறுக்கம் தங்கிவிடும். பின்னால் ஸ்பிரிட்டோ தின்னரோ பட்டால் அந்த இடத்தில் மயிரிழை விரிசல் ஓடும். துடைக்க சோப்புத் தண்ணீர் போதும்.

இனி வண்ணம். இதைத் தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன். அவர்கள் கண்ணாடியின் பின்பக்கம் தீட்டுவார்கள். பார்ப்பவர் முன்பக்கமிருந்து பார்ப்பார். அதனால் வரிசையே தலைகீழ். கருவிழி முதலில், வெள்ளை விழி அப்புறம், முகத்தின் நிறம் அதற்கும் பிறகு, பின்னணி கடைசி. கிண்ணத்தின் வெளிப்புறத்தில் இப்படியே தீட்டினால், உள்ளிருந்து பார்க்கும்போது வண்ணம் பளபளப்புக்கு அடியில் நிற்கும், கீறலும் படாது.

தாமரை வரைவதென்றால் இதழின் நரம்புக் கோடுகளை மெல்லிய தூரிகையால் முதலில் இழுங்கள். காய்ந்ததும் ஓரத்துக்கு அடர் ரோஜா, அதற்குமேல் வெளிர் ரோஜா. குளத்தின் பச்சை கடைசியில்தான். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தையே மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றும் காயக் காயப் பூச வேண்டும். கோடு பிசகினால் ஈரம் காய்வதற்குள் துடைத்துவிடுங்கள். அடுத்த பூச்சு ஏறிவிட்டால் அந்தப் பிழை எப்போதும் முன்னால்தான் நிற்கும். தீட்டி முடித்த கிண்ணம் பூவுக்கும் பழத்துக்கும் சாவிக்கும். கொதிக்கும் குழம்புக்கு அல்ல.

தீட்டும்போது கிண்ணம் கவிழ்ந்தே இருக்கும். பச்சை பூசியதும் கோடுகள், இதழ்கள் எல்லாம் அதற்குள் மறைந்து, வெளியே வெறும் பச்சைதான் தெரியும். ஓர் இரவு காயவிட்டு, காலையில் ஜன்னலோரம் நிமிர்த்தி வையுங்கள். உள்ளே தாமரை இருக்கும்.