நிமிர்ந்தே நடக்க வேண்டிய வேலை

1942 அக்டோபர் 23 இரவு, எகிப்தின் எல் அலமைன். ஜெர்மானிய, இத்தாலியப் படைகள் மணலுக்குள் சுமார் 5 லட்சம் கண்ணிவெடிகளைப் புதைத்துவிட்டுக் காத்திருந்தன. பிரிட்டனின் 8ஆவது படை டாங்கிகளோடு அதைக் கடந்தாக வேண்டும். வழி திறக்கும் பொறுப்பு சப்பர்கள் எனப்படும் பொறியாளர் படையினருடையது. மேஜர் பீட்டர் மூர் வகுத்துத் தந்த முறையை அவர்கள் வாரக்கணக்கில் பழகியிருந்தார்கள்.

முன்னால் செல்லும் சிறு குழு கண்ணிவெடி வயலின் விளிம்பைக் கண்டுபிடித்து விளக்கு வைக்கும். அடுத்து, கண்டறியும் கருவியை ஏந்தியவர்கள் ஒருவருக்குச் சற்றுப் பின்னால் இன்னொருவராகச் சாய்வரிசையில் நகர்வார்கள். போலந்து லெப்டினன்ட் யூசெஃப் கொசாட்ஸ்கி வடிவமைத்த அந்தக் கருவியின் எடை ஏறக்குறைய 14 கிலோ. அதன் தட்டைத் தரையோடு ஒட்டி இடமும் வலமும் வீசியபடி, ஹெட்போனில் ஒலி மாறுகிறதா என்று கவனிக்க வேண்டும். சுற்றிலும் பீரங்கிகள் முழங்கும்போது அந்த மெல்லிய ஒலியைப் பிரித்துக் கேட்பது எளிதா! மற்ற வீரர்கள் குண்டு வந்தால் படுத்துக்கொள்ளலாம். இவர்கள் நின்றபடிதான் நடக்க வேண்டும். இந்த வேலையின் துணிச்சல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது என்பேன்.

ஒலி மாறிய இடத்தில் அடையாளம் வைத்துவிட்டு அவர்கள் நகர்ந்துவிடுவார்கள். கருவி போதாத இடத்தில் பயனட்டைச் சாய்வாகச் செருகித் துழாவுவார்கள். செங்குத்தாகக் குத்தினால் வெடியின் தலையிலேயே படும்.

பின்னால் வருபவர்கள் கையால் மணலை விலக்குவார்கள். டாங்கிக்கு வைக்கும் டெல்லர் வெடி மனித எடைக்குப் பொதுவாக வெடிக்காது. ஆனால் பக்கத்திலோ அடியிலோ இழுவிசை வெடிப்பான் பொருத்தியிருக்கலாம். அதனால் சுற்றிலும் தடவிப் பார்த்த பிறகே எடுப்பார்கள். சந்தேகம் இருந்தால் கயிறு கட்டித் தொலைவிலிருந்து இழுப்பார்கள். இடையிடையே புதைந்திருக்கும் எஸ் வெடியோ ஆளுக்கென்றே வைத்தது. மிதித்தால் இடுப்புயரம் எழும்பி, எஃகுக் குண்டுகளை நாலாபுறமும் சிதறடிக்கும்.

கடைசியாக இருபுறமும் வெள்ளை நாடா, விளக்குகள். பாதை தயார்.

பொழுது விடிந்தபோது எல்லாப் பாதைகளும் முடிந்திருக்கவில்லை. பல டாங்கிகள் வயலுக்குள்ளேயே நெரிசலில் நின்றன. அந்தத் தாமதத்துக்குச் சப்பர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. கண்ணிவெடி வயல்கள் எதிர்பார்த்ததைவிட ஆழமாக நீண்டிருந்தன.