5... 50... 500!

சின்னதா ஒரு டெஸ்ட், பாஸ்! பேனா, பேப்பர் எதுவும் வேணாம். காலையில எழுந்ததிலிருந்து எங்கெங்கே நடந்தீங்கன்னு ஒரு நிமிஷம் ரீவைண்ட் பண்ணிப் பாருங்க.

கட்டில்ல இருந்து கதவு வரைக்கும் 5 மீட்டர். கிளாஸிலிருந்து கேன்டீனுக்கு 50 மீட்டர். காலேஜ் கேட்டிலிருந்து டிபார்ட்மென்ட்டுக்கு 500 மீட்டர். 'இதெல்லாம் ஒரு மேட்டரா?' என்கிறீர்களா? செரிபிரல் பால்ஸி உள்ள குழந்தைகளின் நடையை மதிப்பிட இந்த மூணு தூரம்தான் ஸ்கேலே!

செரிபிரல் பால்ஸி, அதாவது பெருமூளை வாதம் என்பது, வளரும் மூளையில் ஏற்படும் ஒரு பாதிப்பு. அந்தப் பாதிப்பு கூடிக்கொண்டே போகாது. ஆனால், குழந்தை வளர வளர தசை இறுகும், மூட்டு மடங்கும், நடையும் மாறும். அதனால் ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிட முடியாது. திரும்பத் திரும்ப மதிப்பிட வேண்டும்.

நான் இன்ஜினீயரிங் பார்ட்டி. 'அளக்கணும்'னு சொன்னாலே சென்சார்தான் ஞாபகம் வரும். அதுக்கும் லேப் இருக்கு! குழந்தையின் காலில் பளபளக்கும் குட்டி உருண்டைகளை ஒட்டி, சுற்றிலும் இன்ஃப்ரா ரெட் கேமரா வைத்து, தரையில் ஃபோர்ஸ் பிளேட் பதித்து நடக்க வைப்பார்கள். முட்டி எத்தனை டிகிரி மடங்குது, பாதம் எவ்வளவு விசையில் தரையை அழுத்துதுன்னு கம்ப்யூட்டர் புட்டுப் புட்டு வைக்கும். எந்தத் தசைக்கு ஆபரேஷன் என்று முடிவெடுக்க டாக்டருக்கு இது பெரிய உதவி.

ஆனா, அது லேப் நடை!

எங்க தெருவில் ஒரு வாண்டு இருக்கான். தெரபி சென்டரில், வழவழ டைல்ஸில் வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு ஜம்முனு நடப்பான். ஸ்கூல் கிரவுண்டு முழுக்க மணல். வாக்கர் சக்கரம் புதைஞ்சிடும். இன்டர்வெல் பெல் அடிச்சா எல்லாரும் வெளியே ஓட, இவன் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பான். 'நடக்க முடியுமா?' என்றால், முடியும். 'நடக்கிறானா?' என்றால்..?

இந்த ரெண்டாவது கேள்வியைக் கேட்கும் அளவுகோலை 2004-ல் வெளியிட்டது, ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் ராயல் சில்ட்ரன்ஸ் ஹாஸ்பிட்டலைச் சேர்ந்த டாக்டர் கெர் கிரஹாம் குழு. பேர், ஃபங்ஷனல் மொபிலிட்டி ஸ்கேல். 5 மீட்டர்னா வீடு, 50-ன்னா ஸ்கூல், 500-ன்னா கடைத்தெரு மாதிரி வெளியிடம். டேப் பிடிச்சு அளக்க வேண்டாம். 'அங்கெல்லாம் எப்படிப் போறே?' என்று குழந்தையிடமும் பெற்றோரிடமும் கேட்டாலே போதும். வீல்சேர்னா 1, வாக்கர்னா 2, அக்குள் கட்டைன்னா 3, கைத்தடின்னா 4, சமதரையில் துணையில்லாமல் நடந்தால் 5, படி, மேடு பள்ளம் எல்லாம் ஏறி இறங்கினால் 6.

ஒரே குழந்தை வீட்டில் 5, ஸ்கூலில் 2, வெளியே 1 வாங்கலாம். 1 வாங்கினால் ஃபெயில் என்று அர்த்தமில்லை, ஃப்ரெண்ட்ஸ்! தள்ளாடி நடந்து, போய்ச் சேரும்போதே களைத்துவிடுவதைவிட, வீல்சேரில் ஜாலியாகக் கூட்டத்தோடு போவது புத்திசாலித்தனம் இல்லையா?

இப்போ மேட்டருக்கு வர்றேன். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் செரிபிரல் பால்ஸியும் இருக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 5 சதவிகித இடம் என்கிறது அந்தச் சட்டம். நம்ம வாண்டு நாளைக்கு உங்க ஜூனியரா வரலாம். லேப் மூணாவது மாடியில, லிஃப்ட் ரிப்பேர், சரிவுப் பாதை முழுக்க பைக் பார்க்கிங்னா... அவன் மார்க் குறையறது அவன் காலாலயா, நம்ம காலேஜாலயா?

நாளைக்கு கேட்டிலிருந்து கிளாஸுக்குப் போகும்போது, வழியில் எத்தனை படி இருக்குன்னு எண்ணுங்க. அப்படியே, அந்தச் சரிவுப் பாதையில நிக்கிற பைக் உங்களோடதான்னும் பாருங்க!