பழைய மோட்டார் வண்டியும் புகைக்குழாயின் வெப்பமும்

மொறிஸ் மைனர் கார் 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே முதன்முதல் வெளிவந்தது. அதுவும் அதன் காலத்து ஒஸ்ரின் வண்டிகளும் இலங்கைத் தெருக்களில் இன்றும் ஓடக் காண்கிறோம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டு பெப்ருவரி வரையில் தனியார் கார்கள் வராதிருந்த காலத்திலே இம்முதியவர்களின் மதிப்பு முன்னிலும் உயர்ந்தது. பாட்டனார் வாங்கிய வண்டியைப் பேரன் ஓட்டும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அத்தகைய வண்டியைப் பேணுவோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு பகையும் உண்டு. அதுவே பொனற்றின் கீழே தங்கும் புகைக்குழாயின் வெப்பம்.

இருபது மைல் தூரம் இடரின்றி ஓடிவந்த கார், கடைவாசலில் பத்து நிமிடம் நிறுத்தப்பட்டபின் கிளம்ப மறுக்கிறது. அரைமணி நேரம் கழித்து, யாதும் நிகழாதது போல் மீண்டும் கிளம்புகிறது. இதற்குக் காரணம் யாது?

எஞ்சினில் எரியும் பெற்றோலின் சக்தியிலே ஏறத்தாழ நாலிலொரு பங்கே சில்லுகளைச் சுழற்றுவதற்குப் பயன்படுகிறது. எஞ்சியதிற் பெரும்பகுதியை றேடியேற்றர் நீரும் புகையுமாகப் பங்கிட்டுக் கொள்கின்றன. புகை வெளியேறும் வார்ப்பிரும்புக் குழாய் பல நூறு பாகை செல்சியசு வரை சூடேறும். 1952ஆம் ஆண்டுக்குப் பின் வந்த மொறிஸ் மைனரில், காற்றும் பெற்றோலும் உட்புகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரோ புகைக்குழாய்க்கு நேர் மேலே அமர்ந்திருக்கிறது. குளிர் மிகுந்த நாட்டிலே பெற்றோல் விரைவில் ஆவியாக வேண்டும் என்று கருதிச் செய்த ஏற்பாடு இது. அங்கே துணையான அடுப்பு நமது வெயிலிலே தொல்லையாகிறது.

வண்டி ஓடும்போது விசிறிக் காற்றும், சுற்றியோடும் நீரும், இடைவிடாது வரும் புதிய பெற்றோலும் சூட்டைத் தணிக்கின்றன. எஞ்சினை நிறுத்தியதும் இம்மூன்றும் ஒருங்கே நின்றுவிடுகின்றன. குழாயின் சூடு மட்டும் நிற்பதில்லை. அது மேலெழுந்து காபரேற்றரைச் சுடுகிறது. பெற்றோலின் மெல்லிய பகுதிகள் 40 பாகை அளவிலேயே கொதிக்கத் தொடங்குபவை. குழாயினுள் ஆவிக்குமிழிகள் அடைத்துக்கொள்ள, திரவத்தை இழுக்கவென அமைந்த பம்பு ஆவியை இழுக்கமாட்டாது திணறுகிறது. சூடு ஆறியபின் ஆவி மீண்டும் திரவமாகிறது, வண்டியும் கிளம்புகிறது.

வெப்பம் பரவும் வழிகள் கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என மூன்று என்பதை மாணவர்கள் அறிவர். ஒவ்வொரு வழிக்கும் ஒவ்வொரு பரிகாரம் உண்டு.

கடத்தலைத் தடுப்பதற்கு, காபரேற்றருக்கும் அது பொருந்தும் குழாய்க்கும் இடையில் வெப்பங் கடத்தாத கட்டையொன்றை வைப்பர். கதிர்வீசலைத் தடுப்பதற்கு, புகைக்குழாய்க்கும் காபரேற்றருக்கும் நடுவே மினுக்கிய அலுமினியத் தகடொன்றை, இரண்டிலும் முட்டாமற் பொருத்துவர். மினுக்கிய அலுமினியம் தன்மேல் விழும் வெப்பக் கதிரிற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். எனவே எண்ணெயும் கரியும் படியாமல் அதனைத் துடைத்து வைத்தல் அவசியம். ஒரு பொருள் வீசும் வெப்பம் அதன் தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயரும் என்பது ஸ்ரெபான், போல்ற்ஸ்மான் என்போர் கண்ட விதி. இதன்படி 500 பாகை செல்சியசுக் குழாய், 250 பாகைக் குழாயைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு வெப்பம் வீசும். சிறு தகடொன்று செய்யும் பேருதவி இதனால் விளங்கும்.

மேற்காவுகைக்குக் காற்றோட்டமே மருந்து. விசிறிப் பட்டி தளராதிருத்தல் வேண்டும். றேடியேற்றரின் இடுக்குகளிற் புழுதி அடையலாகாது. பொனற்றின் பின்புறத்தைச் சற்று உயர்த்தி வைத்தால் சூடு வெளியேறும் என்று சிலர் கூறுவர். வண்டி நிற்கும்போது இது உண்மையே. ஓடும்போதோ, முன்கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் மிகுவதால், காற்று அவ்வழியே உள்ளே புகுந்து எஞ்சின் நாற்றத்தையும் வண்டிக்குள் கொண்டுவரக்கூடும்.

குழாயைச் சுற்றி நாடா கட்டும் வழக்கமும் உண்டு. முன்னாளில் இதற்குக் கன்னார் எனப்படும் அஸ்பெஸ்ரசைப் பயன்படுத்தினர். அதன் தூசு நுரையீரலிற் புற்றுநோயை விளைவிக்கும் என்பது இன்று ஐயமற நிறுவப்பட்டுள்ளது. பழைய வண்டியில் அது காணப்படின் வெறுங்கையாற் பிய்த்தெறியலாகாது. இந்நாளிற் கண்ணாடி நார் நாடாக்கள் கிடைக்கின்றன. ஆயினும் அவை ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும், வெடிப்புகளையும் மறைத்துவிடும். ஆகையால் முதலில் தகடும் கட்டையும், அவை போதாவிடின் நாடா என்பதே எமது கருத்து.

இவற்றுக்கெல்லாம் முன்னே நோயின் முதலை நாடல் வேண்டும். பொறி பிந்தித் தெறித்தால் பெற்றோல் பிந்தி எரிந்து, அந்தச் சூடு முழுவதும் புகைக்குழாயிற் சேரும். சைலன்சர் அடைபட்டாலும் சூடு மிகும். இவ்விரண்டையும் திருத்தாமல் தகடு பொருத்துவது வீண்செலவு.

வண்டியை நிறுத்துமுன் ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, பின் நிழலில் நிறுத்திப் பொனற்றைத் திறந்து வைப்பது செலவில்லாத வைத்தியம். கிளம்ப மறுத்தால் பெற்றோல் பம்பின்மீது ஈரத்துணி இடலாம். சுடும் புகைக்குழாயின்மீது நீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடித்துவிடும்.

தொல்லை தரும் இவ்வெப்பம் ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துக்குத் துணைநின்றதையும் இங்கு கூறுதல் தகும். 1990களின் போர்க்காலத்தில், பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதானபோது, அங்கு இப்பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். மண்ணெண்ணெய் கொதிப்பதற்கு 150 பாகைக்கு மேற்பட்ட சூடு வேண்டும். புகைக்குழாயோடு ஒட்டிய உட்குழாயின் வெப்பமே அதனை ஆவியாக்க உதவியது. அந்த ஏற்பாடு இல்லாதிருந்தால் பல பயணங்கள் படலையோடு நின்றிருக்கும்.

நிறைவாக, பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. பழைய றப்பர்க் குழாய்கள் சூட்டினால் வெடித்துப் பெற்றோல் கசிந்தால், அது விழுமிடம் சுடும் குழாயாகலாம். அதுவே தீவிபத்துக்கு வழி. புகைக்குழாயின் பொருத்துக்கள் ஒழுகினால் காபனோரொட்சைட்டு என்னும் வாயு வண்டிக்குள் புகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியின் ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனிலும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் இணைவது. பின்னாசனத்தில் இருக்கும் குழந்தைகள் காரணமின்றித் தலைவலி என்றும் உறக்கம் வருகிறது என்றும் சொன்னால், யன்னல்களைத் திறந்து, வண்டியை நிறுத்தி, அவர்களை வெளியே இறக்குதல் வேண்டும். பொருத்துக்களைச் சோதிப்பியாது அவ்வண்டியில் மீண்டும் அவர்களை ஏற்றலாகாது. றப்பர்க் குழாய்களைக் காலத்தில் மாற்றுவதற்கு ஆகும் செலவு சிறிது. மாற்றாது விட்டால் வரும் இழப்போ ஈடு செய்ய இயலாதது.