முறுக்கு எந்தப் படத்துக்கு?

வீட்டில் படம் போடும் நாளில் எதைக் கொறிக்கலாம் என்று கேட்டால், கதையைப் பார்த்துப் பதில் சொல்பவர்களே அதிகம். இத்தாலியப் படமா, பாஸ்தா. ஜப்பானியப் படமா, நூடுல்ஸ். ‘காக்கா முட்டை’யா, பீட்சா. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2015-இல் வந்த அந்தப் படத்தின் சிறுவர்கள் இருவரும் அலையாய் அலைந்து, கடைசியில் பீட்சாவைக் கடித்துப் பார்த்துவிட்டு, ஆயா சுட்ட தோசையே தேவலை என்கிறார்கள். பீட்சாவும் கையுமாக அதைப் பார்ப்பவர் படத்துக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பண்டத்தைக் கதைக்குப் பொருத்துவதைவிட, படத்தின் சத்தத்துக்கும் அது விடும் இடைவெளிக்கும் பொருத்துவதே சரி என்பது என் கட்சி.

முதலில் சத்தம். பாப்கார்ன் தியேட்டரோடு கூடப்பிறந்ததல்ல. மௌனப்படக் காலத்தில் அமெரிக்காவின் ஆடம்பர அரங்குகள் அதை வாசலோடு நிறுத்திவைத்தன. கம்பளம் பாழாகும், மெல்லும் ஓசை இடைஞ்சல் என்பதுதான் காரணம். 1927-க்குப் பிறகு படங்கள் பேச ஆரம்பித்ததும் மெல்லும் ஓசை அதில் அமுங்கிப்போனது. 1930களின் பொருளாதார மந்தத்தில் சில்லறைக் காசுக்குக் கிடைத்த பண்டம் என்பதால் தாராளமாக உள்ளேயும் வந்துவிட்டது. காதுக்கும் நாக்குக்கும் உள்ள உறவை ஆய்வாளர்களும் சோதித்திருக்கிறார்கள். உருளைக்கிழங்கு சிப்ஸ் உடையும் ஓசையை ஹெட்போனில் கூட்டிக் கொடுத்தபோது, அதே சிப்ஸ் கூடுதல் மொறுமொறுப்பாக இருப்பதாகத் தின்றவர்கள் சொன்னார்கள். 2004-இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு இது. பின்னணி இரைச்சல் கூடினால் உப்பும் இனிப்பும் நாக்கில் மந்தப்படும் என்றது 2011-இல் வந்த இன்னோர் ஆய்வு. ஆக, அடிதடிப் படத்துக்கு உப்பும் உறைப்பும் தூக்கலான தட்டை, காராசேவு எதுவும் தகும். 1987-இல் வந்த கமல்ஹாசனின் ‘பேசும் படம்’ வேறு வகை. அதில் வசனமே கிடையாது; அதன் எதிரே ஒரு கைமுறுக்கை உடைத்தால் படத்தின் முதல் வசனம் உங்களுடையதாகிவிடும். பெசன்ட் நகர் கடற்கரையில் பொட்டலமாகத் தரும் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல்தான் அதற்கு ஏற்றது. மயிலாப்பூர் காளத்தி கடையின் ரோஸ்மில்க்கும் ஓசைப்படாத சரக்குதான், ஸ்ட்ராவால் அடியை உறிஞ்சாத வரை.

அடுத்தது இடைவெளி. நம் படங்கள் இடைவேளையை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு, போய் டீ குடித்துவிட்டு வா என்று இயக்குநரே அனுப்பிவைக்கிறார். பாட்டுகளும் பலருக்கு எழுந்து போகும் நேரம்தான். 1954-இல் வந்த ‘அந்த நாள்’ அதற்கு இடமே தரவில்லை, அதில் ஒரு பாட்டும் இல்லை. இயக்கியவர் வீணை வித்வான் எஸ். பாலசந்தர் என்பது தனி வேடிக்கை. அவருடைய உலகமான கச்சேரியிலோ, மார்கழியில் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் ஒரு கூட்டம் கேன்டீனுக்கு நடக்கும். மிருதங்கக்காரருக்கு இது மரியாதைக் குறைவு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உள்ளே காதுக்கு, வெளியே நாக்குக்கு என்று இடத்தைப் பிரித்துவைத்த சபா ஏற்பாட்டில் ஒரு ஞானம் இருக்கிறது. ஃபில்டர் காபி அப்படிப் பிரித்த நேரத்துக்கே உரியது. டபராவில் ஆற்ற இரண்டு கையும் வேண்டும், கவனமும் வேண்டும். படத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தால் ஒன்று ஆறிப்போகும், இல்லை மேலே கொட்டும்.

தியேட்டரில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்கலாம். வெளி உணவைத் தடுக்க அரங்க உரிமையாளருக்கு உரிமை உண்டு, குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவை அனுமதிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே கவுன்டரில் இருப்பதுதான் வாய்க்கும். மயிலாப்பூர் கபாலியும் காமதேனுவும் அடையாறு ஈராஸும் போய்விட்ட நிலையில், நமக்கு விருப்பம்போல் தேர்ந்தெடுக்கக் கிடைத்திருப்பது வீட்டுக் கூடம்தான். அங்கே எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாமே, இடைவேளை எதற்கு என்றால், நினைத்த இடத்தில் நிறுத்துவது முடிச்சு விழுமுன்பே நூலை அறுப்பது. ‘இடைவேளை’ என்று திரையில் எழுத்து வரும்வரை பாலைக் காய்ச்சாமல் இருப்பது அப்படியொன்றும் பெரிய தவமில்லை.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு: ‘மாயா பஜார்’. 1957-இல் எஸ்.வி. ரங்காராவின் கடோத்கஜன் கல்யாண விருந்தை ஒற்றை ஆளாகக் காலி செய்யும் காட்சியைப் பார்த்து நாக்கில் நீர் ஊறாதவர் உண்டா? இங்கே கதையே பசியைக் கிளப்புகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பசிக்குப் படம் ஓடும்போதே தீனி போட்டால் நஷ்டம் நமக்குத்தான். திரையில் லட்டுகள் தாமாகப் பறந்து அவர் வாய்க்குள் போகின்றன. நம் தட்டிலுள்ள லட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். வெறும் வயிற்றோடு பார்த்து முடித்துவிட்டு, அப்புறம் இலை போடச் சொல்லலாம்.