இணைப்புகளின் சந்தையும் சமூக ஊடகமும்

தேடுபொறியில் ஒரு சொல்லைத் தட்டியதும் வந்து நிற்கும் பட்டியலில் எந்தப் பக்கம் முதலில் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் காரணிகள் பல இருப்பினும், ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் எந்த அளவுக்கு எடுத்துக்காட்டுகின்றன என்பது அவற்றுள் நெடுங்காலமாகச் சிறப்பிடம் பெற்றுள்ளது. ஓர் இணையதளம் அப்பட்டியலில் மேலே வருவதற்காக மேற்கொள்ளப்படும் முயற்சிகள் அனைத்தையும் தேடுபொறி உகப்பாக்கம் என்றும், தொழிலில் உள்ளோர் சுருக்கமாக எஸ்.இ.ஓ. என்றும் வழங்குவர். பிற தளங்களிலிருந்து தம் தளத்தை நோக்கி இணைப்புகள் வருமாறு செய்யும் வேலை அம்முயற்சிகளுள் ஒன்று. பக்கத்தில் அடிக்கோட்டுடனோ வேறு நிறத்திலோ காணப்பட்டு, சொடுக்கியதும் மற்றொரு பக்கத்துக்குக் கொண்டுசெல்லும் சொல்லையோ படத்தையோதான் இணைப்பு என்கிறோம். பேஸ்புக், ட்விட்டர், இன்ஸ்டாகிராம் முதலிய சமூக ஊடகங்கள் பெருகிய பின்னர், அங்கே ஒரு பதிவு பெறும் விருப்பக் குறிகளும் பகிர்வுகளும் இந்தக் கணக்கில் சேருமா என்ற கேள்வி சிறு வணிகர்களையும் எழுத்தாளர்களையும் விடாமல் துரத்தி வருகிறது. இக்கேள்விக்குச் சரியான விடை காண, இணைப்புக்கு மதிப்பு எவ்வாறு வந்தது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

1990-களின் நடுப்பகுதியில் இயங்கிய ஆல்டாவிஸ்டா போன்ற தேடுபொறிகள், தேடப்பட்ட சொல் ஒரு பக்கத்தில் எங்கே, எத்தனை முறை வருகிறது என்பதையே பெரிதும் நம்பியிருந்தன. இதை அறிந்துகொண்டோர் ஒரே சொல்லை நூற்றுக்கணக்கான முறை எழுதி, அவ்வெழுத்துகளின் நிறத்தைப் பின்னணி நிறத்தோடு ஒன்றாக்கி, படிப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைத்தனர். தன்னைப் பற்றித் தானே கூறிக்கொள்வதை மட்டும் கொண்டு ஒரு பக்கத்தை மதிப்பிட இயலாது என்பது இதனால் தெளிவாயிற்று. கல்வி உலகம் இதே சிக்கலை முன்னரே சந்தித்திருந்தது. அறிவியல் கட்டுரைகளின் செல்வாக்கை, அவற்றைப் பின்வந்த கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டுகின்றன என்பதைக் கொண்டு அறியலாம் என்று அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் முன்மொழிந்து, 1960-களில் அதற்கென ஒரு மேற்கோள் அட்டவணையையும் உருவாக்கியிருந்தார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் இக்கருத்தை வலையுலகுக்குக் கொண்டுவந்தனர். அவர்கள் 1998-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நடந்த மாநாட்டில் அளித்த கட்டுரை, ஏறத்தாழ 2.4 கோடி பக்கங்களைத் திரட்டி வைத்திருந்த கூகுள் என்னும் சோதனைத் தேடுபொறியை விவரித்தது.

அக்கட்டுரையின் உயிர்நாடி பேஜ்ரேங்க் என்னும் கணக்கீடு. எல்லா இணைப்புகளையும் அது ஒரே எடையில் எண்ணுவதில்லை. மதிப்பு மிகுந்த பக்கத்திலிருந்து வரும் இணைப்புக்கு மதிப்பு மிகுதி, அந்தப் பக்கத்தின் மதிப்போ அதனை நோக்கி வரும் இணைப்புகளைப் பொறுத்தது, ஆகவே முழு வலையின் கணக்கையும் மீண்டும் மீண்டும் போட்டு எண்கள் நிலைபெறும் வரை தொடர வேண்டும். ஒரு பக்கம் தன் மதிப்பைத் தன்னிடமிருந்து புறப்படும் இணைப்புகள் அனைத்துக்கும் பகிர்ந்தளிக்கிறது என்பதால், ஐந்து தளங்களைக் கவனமாகத் தேர்ந்து சுட்டும் பக்கத்தின் சொல், ஐந்நூறு தளங்களை வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் பக்கத்தின் சொல்லைக் காட்டிலும் கனமானது. இதனை விளக்க அவர்கள் கற்பனையான ஒரு வாசகரைப் படைத்தனர். அவர் கண்ணை மூடிக்கொண்டு இணைப்பு இணைப்பாகச் சொடுக்கிச் செல்கிறார். நூற்றில் எண்பத்தைந்து முறை அவ்வாறு செல்பவர், எஞ்சிய முறைகளில் சலித்துப்போய் எங்கோ ஒரு புதிய பக்கத்துக்குத் தாவுகிறார். இவ்வாறு முடிவின்றித் திரியும்போது அவர் எந்தப் பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகமோ அந்தப் பக்கமே முக்கியமானது. இத்துணை எளிய எண்ணத்திலிருந்து இத்துணைப் பயன் விளைந்தமை கணினியியல் வரலாற்றின் அழகிய நிகழ்வுகளுள் ஒன்று என்றே கூற வேண்டும்.

இணைப்பைத் தாங்கி நிற்கும் சொற்களும் கணக்கில் கொள்ளப்பட்டன. 'செட்டிநாட்டுக் கட்டடக்கலை' என்ற சொற்கள் வழியாக ஒரு பக்கம் சுட்டப்பட்டால், அப்பக்கம் அதனைப் பற்றியது என்று தேடுபொறி அறிகிறது. 'இங்கே சொடுக்கவும்' என்று எழுதினால் அது எதையும் அறிவதில்லை. தமிழ்த் தளங்களில் பெரும்பாலும் காணப்படும் இரண்டாவது வழக்கம் வாசகருக்கும் உதவுவதில்லை. ஆயினும் இணைப்பின் சொற்களைக் கணக்கில் கொள்ளும் இந்த வசதியே தவறான பயன்பாட்டுக்கும் இடமளித்தது. 'படுதோல்வி' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரைக் கொண்டு பலரும் திட்டமிட்டு இணைப்புக் கொடுத்தமையால், 2003-இல் அத்தொடரைத் தேடியவர்களுக்கு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்பு முதலாவதாக வந்தது. அந்தத் தொடரோ அக்குறிப்பில் எங்கும் இல்லை. இவ்வகைச் செயலைத் தடுக்கும் மாற்றத்தைக் கூகுள் 2007-இல்தான் செய்தது.

இணைப்பு என்பது ஒரு சாட்சியம் என்றால், சாட்சியத்துக்கு விலை வைக்கப்பட்டதும் நீதி தடுமாறத் தொடங்கும். 2000-ஆம் ஆண்டின் இறுதியில் கூகுள் வெளியிட்ட கருவிப்பட்டை, ஒவ்வொரு பக்கத்தின் மதிப்பையும் பூச்சியம் முதல் பத்து வரையிலான எண்ணாகப் பொதுமக்களுக்குக் காட்டியது. மதிப்பு எண்ணாகக் கண்ணுக்குத் தெரிந்ததும், அந்த எண்ணுக்கேற்ப இணைப்பின் விலையும் முடிவாயிற்று. ஒன்றையொன்று சுட்டிக்கொள்வதைத் தவிர வேறு வேலையற்ற தளக் கூட்டங்கள் தோன்றின. இவற்றை இணைப்புப் பண்ணைகள் என்பர். வலைப்பூக்களின் பின்னூட்டப் பகுதிகளில் தானியங்கி நிரல்கள் மருந்துக் கடைகளுக்கும் சூதாட்டத் தளங்களுக்குமான இணைப்புகளைக் கொட்டிச் சென்றன. இதற்கு மாற்றாகக் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் 2005 ஜனவரியில் 'நோஃபாலோ' என்னும் குறியை ஏற்றுக்கொண்டன. ஓர் இணைப்பின் நிரல் வரியில் இக்குறி சேர்க்கப்பட்டால், அது வாசகருக்கு வழக்கம்போல் வேலை செய்யும், ஆனால் தேடுபொறி அதனைப் பரிந்துரையாக எண்ணாது. ஆங்கில விக்கிப்பீடியா 2007-இல் தன் வெளி இணைப்புகள் அனைத்துக்கும் இக்குறியை இட்டது. கூகுள் 2019-இல் பணம் பெற்று அளித்த இணைப்புகளுக்கும் பயனர்கள் எழுதிச் சேர்த்தவற்றுக்கும் தனித்தனிக் குறிகளை வகுத்ததோடு, இவற்றைக் கட்டளையாகக் கொள்ளாமல் குறிப்பாக மட்டும் கொள்வதாகவும் அறிவித்தது.

விலைக்கு வாங்கிய சாட்சியத்தின் வலிமையை உலகுக்குக் காட்டியது 2011-ஆம் ஆண்டு நிகழ்வு. அமெரிக்காவின் பழமையான பல்பொருள் அங்காடி நிறுவனமான ஜே.சி. பென்னி, பண்டிகைக்கால விற்பனை நடந்த மாதங்களில் ஆடைகள், படுக்கை விரிப்புகள், தரைவிரிப்புகள் என எதைத் தேடினாலும் கூகுளில் முதலிடத்தில் நின்றது. குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் பயணப்பெட்டியைத் தேடியபோதும், அதைத் தயாரிக்கும் நிறுவனத்தையே முந்திக்கொண்டு பென்னிதான் முன்னே வந்தது. இதன் காரணத்தைத் தேடிய நியூயார்க் டைம்ஸ் நாளேடு, ஆடைகளோடு எத்தொடர்பும் அற்ற, பல்கேரிய வீட்டுமனைகள் முதல் சூதாட்டம் வரையிலான பொருள்களைக் கொண்ட ஆயிரக்கணக்கான பக்கங்களில் பென்னிக்கான இணைப்புகள் செருகப்பட்டிருந்ததைக் கண்டறிந்து பிப்ரவரியில் வெளியிட்டது. செய்தி அச்சேறும் முன்னரே கூகுள் நடவடிக்கை எடுத்தது. ஒரு புதன்கிழமை மாலை ஏழு மணிக்குப் பயணப்பெட்டித் தேடலில் முதலிடத்தில் இருந்த தளம், இரண்டே மணி நேரத்தில் எழுபத்தொன்றாம் இடத்துக்கு இறங்கியது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்று கூறிய பென்னி, தன் ஆலோசனை நிறுவனத்தை விலக்கியது. இரண்டாண்டுகள் கழித்து, பிரிட்டனில் பூங்கொத்து விற்கும் இன்டர்ஃபுளோரா, வட்டார நாளேடுகளின் தளங்களில் விளம்பரக் கட்டுரைகள் வழியே இணைப்புகளைப் பெற்றதற்காக, அன்னையர் தின விற்பனை நெருங்கிய வேளையில் சில நாள்கள் கூகுளில் தன் சொந்தப் பெயருக்கே தென்படாமற் போயிற்று.

இத்தகைய தண்டனைகள் ஒவ்வொன்றாக மனிதர் கையால் வழங்கப்பட்டவை. 2012 ஏப்ரலில் கூகுள் அறிமுகப்படுத்திய பென்குயின் என்னும் நெறிமுறை இதனை இயந்திரத்தின் பொறுப்பாக்கியது. ஆங்கிலத் தேடல்களுள் 3.1 விழுக்காடு அளவுக்கு அதன் விளைவு தென்பட்டது. போட்டியாளர்களே கெட்ட இணைப்புகளை வாங்கித் தம் தளத்தின்மேல் ஏவக்கூடும் என்ற அச்சமும் எழுந்தமையால், வேண்டாத இணைப்புகளைத் தளம் வைத்திருப்போரே மறுதலிக்கும் கருவி அவ்வாண்டு அக்டோபரில் வந்தது. 2016 முதல் பென்குயின், தளத்தையே கீழே தள்ளுவதை விட்டு, பொய்யான இணைப்புகளை மதிப்பற்றவையாகக் கருதிக் கடந்துபோகும் வகையில் மாற்றப்பட்டது. பணம் கொடுத்து வாங்கியவரை இந்நெறிமுறை தண்டிப்பதில்லை, ஆனால் அவர் கொடுத்த பணம் வீணாகிறது; இதுவே நியாயமான முறையாகத் தோன்றுகிறது.

இணைப்புகளை அடியோடு கைவிட்டால் என்ன என்று ரஷ்யாவின் யாண்டெக்ஸ் தேடுபொறி துணிந்து பார்த்தது. 2013 டிசம்பரில் அறிவித்து, மறு ஆண்டில் மாஸ்கோ வட்டாரத்தின் சில வணிகத் தேடல்களில் இணைப்புக் கணக்கை அது நீக்கியது. ஆயினும் தள உரிமையாளர்கள் இணைப்பு வாங்குவதை நிறுத்தவில்லை. ஆகவே 2015-இல் யாண்டெக்ஸ் இணைப்புகளை மீண்டும் கணக்கில் சேர்த்து, மினுசின்ஸ்க் என்ற சைபீரிய நகரின் பெயரைத் தாங்கிய நெறிமுறையால் அவற்றை வாங்குவோரைத் தண்டிக்கத் தொடங்கியது. பொய்ச்சாட்சி பெருகிவிட்டது என்பதற்காகச் சாட்சியம் கேட்பதையே விட்டுவிட முடியாது என்பதை இச்சோதனை நன்கு காட்டுகிறது.

சமூக ஊடகத்தின் இடத்தை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். 2009-இல் ட்விட்டரோடு கூகுளும் மைக்ரோசாஃப்ட்டும் ஒப்பந்தம் செய்துகொண்டு அதன் பதிவுகளை உடனுக்குடன் பெற்றன. 2010 இறுதியில், சமூக ஊடகக் குறிப்புகளை தம் தேடுபொறிகளில் ஓரளவு பயன்படுத்துவதாக இரு நிறுவனங்களும் ஒப்புக்கொண்டன. விருப்பக் குறிகளை மொத்தமாக விற்கும் தொழில் அதன்பின் தழைத்தது. ஆனால் கூகுளின் ஒப்பந்தம் 2011-இல் முடிவுக்கு வந்தது; 2014 ஜனவரியில் அந்நிறுவனத்தைச் சேர்ந்த மேட் கட்ஸ் என்பவர், பேஸ்புக், ட்விட்டர் பக்கங்களும் மற்றப் பக்கங்களைப் போன்றே நடத்தப்படுகின்றன என்றும், பின்தொடர்வோர் தொகையோ விருப்பக் குறிகளின் தொகையோ தரவரிசைக்கு எடுத்துக்கொள்ளப்படுவதில்லை என்றும் விளக்கினார். அவர் கூறிய காரணங்கள் சிந்திக்கத்தக்கவை: அத்தளங்கள் எப்போது வேண்டுமானாலும் தேடுபொறிக்குக் கதவடைக்கலாம், அங்குள்ள உறவுகளும் அடையாளங்களும் நாளுக்கு நாள் மாறுபவை. இவற்றோடு, சமூக ஊடகங்கள் தம்மிடமிருந்து வெளிச்செல்லும் இணைப்புகளுக்குப் பெரும்பாலும் நோஃபாலோ குறியை இடுகின்றன என்பதையும், வாட்ஸ்அப் குழுக்கள் போன்ற மூடிய இடங்களுக்குள் தேடுபொறி நுழையவே முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நிறையப் பகிரப்பட்ட பக்கங்கள் தேடலிலும் முன்னே நிற்பதைக் காட்டும் ஆய்வுகள் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன. நல்ல கட்டுரை பகிரப்படவும் செய்கிறது, பிற தளங்களால் சுட்டப்படவும் செய்கிறது. இரண்டும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள் என்பதால், ஒன்று மற்றொன்றைத் தோற்றுவித்ததாகக் கொள்வது பிழை. எனினும் சமூக ஊடகத்தால் பயனில்லை என்று முடிவுகட்டுவதும் அதே அளவு பிழையாகும். இணைப்பு தரும் ஆற்றல் வலைத்தளம் வைத்திருப்போரிடம் மட்டுமே உண்டு. செய்தியாளர், ஆசிரியர், ஆய்வாளர், வலைப்பதிவர், நூலகர் என அவர்கள் சிறு தொகையினர், அவர்களுள் பலர் சமூக ஊடகத்தில்தான் புதியவற்றைக் கண்டறிகின்றனர். நெல் வகைகளைப் பற்றிய பட்டியலொன்றை ஒருவர் உழைத்துத் தொகுத்து வெளியிட்டால், அதை ஆயிரம் பேர் பகிர்வதால் தேடுபொறியில் நேரடியாக எதுவும் நிகழாது. அந்த ஆயிரவருள் வேளாண்மை பற்றி எழுதும் மூவர் அதனைப் படித்துத் தம் தளங்களில் சுட்டும்போதுதான் நிகழ்கிறது. ஆகவே பின்தொடர்வோர் எத்தனை பேர் என்பதைவிட அவர்கள் யார் என்பதே பொருட்படுத்த வேண்டியது. பின்தொடர்வோரை விலைக்கு வாங்குவது இவ்விடத்தில் முற்றிலும் வீண்செலவு, ஏனெனில் வாங்கிய கணக்குகளுள் எதுவும் ஒரு வலைப்பக்கம்கூட எழுதப்போவதில்லை.

இணைப்புகளைத் தேடுவோருக்கு நேர்மையான வழியொன்று, வலை சிதைந்து வருவதிலிருந்தே கிடைக்கிறது. 2013-இல் இருந்த பக்கங்களுள் 38 விழுக்காடு பத்தாண்டுகளில் மறைந்துவிட்டதாக பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. மறைந்த பக்கங்களை நோக்கிய இணைப்புகள் கல்லூரித் தளங்களிலும் நாளேடுகளின் பழைய கட்டுரைகளிலும் இன்றும் செயலற்றுக் கிடக்கின்றன. அவற்றைக் கண்டறிந்து, அதே பொருளில் நம்பத்தக்க பக்கமொன்றைத் தாமே உருவாக்கி, அத்தளத்தாருக்குப் பழுதைத் தெரிவித்துத் தம் பக்கத்தையும் குறிப்பிடுவோருக்குப் பலமுறை இணைப்பு கிடைக்கிறது. அதைச் சொடுக்கும் வாசகரும் தேடி வந்ததைப் பெறுகிறார். தம் சொந்தத் தளத்தின் முகவரியை மாற்றுவோர், பழைய முகவரிக்கு வருபவர்களையும் தேடுபொறிகளையும் புதிய முகவரிக்குத் தானாகவே அனுப்பிவைக்கும் ஏற்பாட்டை அன்றைக்கே செய்துவிட வேண்டும். அதைச் செய்யத் தவறியதாலேயே, பல்லாண்டுகளாகச் சேர்ந்த இணைப்புகள் ஒரே நாளில் பயனற்றுப்போன தளங்கள் தமிழிலும் ஏராளம்.